இடைவேளைக்கு முன்

விளக்குகள் அணைந்ததும் அவள் விசிலடித்தாள்.

முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து இன்னொரு முறை அடித்தாள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நடு வரிசையில், நடைபாதையை ஒட்டி, ஒரு நாற்காலியைக் கழற்றி இடம் விட்டிருந்தார்கள். அங்கே தன் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தனியாகத்தான் வந்தாள். வாசலில் புதிதாகப் போட்ட சாய்தளத்தில் தானே உருட்டி ஏறினாள். தள்ளிவிட ஓடிவந்த ஆளை மேனேஜர் ஜெபமணி கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

ஊருக்கு இருப்பது இந்த ஒரு தியேட்டர்தான்.

போன முறை வந்தபோது தியேட்டர் ஆட்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கினார்கள். ஒருவர் அக்குளில், ஒருவர் முழங்காலடியில். படியேறும்போது சேலை விலகியது. இழுத்துவிட அவளுக்குக் கை கிடைக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் நல்ல மனதோடு வழிவிட்டார்கள். நல்ல மனதோடு பார்த்தார்கள்.

படம் முடிந்து எல்லோரும் போனார்கள். தூக்கியவர்களைக் காணவில்லை. டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

பெருக்கிக்கொண்டே வந்த பெண் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்கக்கா."

சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உறைத்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் வரும்வரை இரண்டு பேரும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் வழக்குப் போட்டாள்.

கட்டடம் பழசு என்றார்கள் தியேட்டர்காரர்கள். இடமில்லை என்றார்கள். வாய்தா வாங்கினார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் பஸ்ஸில் தூக்கி ஏற்றப்பட்டுப் போய் வந்தாள்.

"நாங்க என்ன உள்ள வராதீங்கன்னா சொன்னோம்?" தியேட்டர் தரப்பு வக்கீல் கையை விரித்தார். "எங்க ஆளுங்களே பூ மாதிரி தூக்கிட்டுப் போயி உக்கார வைக்காங்க. இதுக்கு மேல என்ன செய்ய?"

நீதிபதி அவளைப் பார்த்தார். அவள் வக்கீலைப் பார்த்தாள்.

"டிக்கெட் எடுத்த வேற யாரையாவது தூக்கிட்டுப் போறீங்களா சார்?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காசு வாங்கிக்கொண்டு ஊருக்குச் சேவை தருகிறவர்கள், அந்த ஊரில் இருக்கும் எல்லோரும் வந்துபோகும்படி வழி செய்ய வேண்டும். அது இரக்கம் சார்ந்த விஷயமில்லை, சட்டப்படியான கடமை என்றார் நீதிபதி. சாய்தளம், உள்ளே இடம், கழிப்பறை. மூன்றையும் கட்டி முடிக்கக் கெடு வைத்தார்.

கட்டினார்கள்.

இப்போது திரையில் நாயகன் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். பத்துப் பேர் பறந்து விழுந்தார்கள். பிறகு ஒரு பாட்டு. நாயகி மெல்லிய சேலையில், நடுங்காமல், பனிமலையில் ஆடினாள். பிறகு அதே பத்துப் பேர் வேறு சட்டையில் வந்தார்கள்.

அவள் கொட்டாவி விட்டாள்.

இன்னொரு பாட்டு தொடங்கியது.

சுற்றிலும் பார்த்தாள். எழுந்துபோக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அது மெதுவாகத்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் இருட்டில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பிரேக்கை விடுவித்தாள்.

வெளியே ஜெபமணி பதறிக்கொண்டு வந்தார்.

"என்ன ஆவுடையக்கா, என்னாச்சு? எதும் எடைஞ்சலா இருக்கா? பாத்ரூமுன்னா இந்தப் பக்கம்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா செஞ்சிருக்கீங்க."

"அப்பொறம் ஏங்க்கா? இன்னும் எடைவேள கூட விடலியே."

"படம்தான் சரியில்ல."

ஜெபமணி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே யாரோ யாரையோ அடிக்கும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம வேற படம் போடுதோம்க்கா."

"விசாரிச்சுட்டு வாரேன்."

தெருவில் வெயில் மிச்சம் இருந்தது. வலப்பக்கம் பஸ் ஸ்டாண்ட். இடப்பக்கம் குளத்தங்கரை ரோடு.

எந்தப் பக்கம் போகலாம் என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.