எட்டு வாட்ஸுக்கு ஒரு ஜோடி

சலங்கை வந்தது.

அவள் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். தாளம் போடப் போன கால்விரலையும் மடக்கிக்கொண்டாள்.

எதிரே, நாற்காலியின் நுனியில் அவள் கணவர். புது ஸ்பீக்கர்களை அவர் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சலங்கைச் சத்தம் மறுபடி வந்தது. மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் பின்னால், சன்னமாக, ஆனால் சுத்தமாக.

இளவயதில் ஒரு தெருக்கூத்துக்குப் போய் அவரே பதிவு செய்த பாட்டு. எந்த அடியில் சலங்கை விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்த ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் போட்டுப் பார்ப்பார்.

மேசைமேல் கண்ணாடிக் குழல்கள் வைத்த வால்வு ஆம்ப்ளிஃபையர் தணலாக ஒளிர்ந்தது. அவர் கையால் கட்டியது. மொத்தமே எட்டு வாட்ஸ். கல்யாண மண்டபத்து மைக்செட்டுக்காரன் பார்த்தால் சிரிப்பான். ஆனால் வால்வில் வருகிற குரல் வேறெதிலும் வராது என்பார் அவர். ஒரே ஒரு சங்கடம். இத்தனை குறைந்த சக்திக்கு, லேசாகத் தொட்டாலே பேசுகிற ஸ்பீக்கர் வாய்க்க வேண்டும். அடம் பிடிக்கிற ஜாதி ஆகாது.

மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் இத்தனை பொருத்தம் பார்த்ததில்லை.

இதற்கு முன்னால், முதலில் ஆளுயர ஜோடி வந்திருந்தது. கூடத்தில் இரண்டு துவாரபாலகர்கள் நின்ற மாதிரி இருந்தது. பாட்டைப் போட்டார். பாதியில் நிறுத்தினார்.

"சலங்கை எங்க?"

அவளுக்குக் கேட்டிருந்தது. சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் கண்டதில்லை.

"எனக்கும் கேக்கலையேங்க."

அவ்வளவுதான். பழி ஸ்பீக்கர் தலையில் விழுந்தது. மாடு சின்னது, வண்டி பெரிசு, எட்டு வாட்ஸ் இதை எங்கே இழுக்கும் என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்தது அலமாரியில் வைக்கிற சின்ன ஜோடி. அதே பாட்டு. அதே கேள்வி. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அவள் இரண்டாவதைச் சொன்னாள்.

அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. காலிங்பெல் அடித்தால் இப்போதெல்லாம் அவள்தான் எழுந்து போகிறாள். பேத்தி போனில் பேசினால் அவர் சும்மா சிரித்துவைக்கிறார்.

இது மூன்றாவது ஜோடி. கோயம்புத்தூரில் எட்வின் என்பவர் இவருக்கென்றே செய்து அனுப்பியது. இரண்டு வாட்ஸ் கொடுத்தாலே வாய் திறக்கும் என்று உறுதி சொல்லியிருந்தார்.

சொன்னபடியே திறந்திருந்தது. அதுதான் வினை.

நாளை ஒரு படத்தின் மிக்சிங்குக்கு அவர் உட்கார வேண்டும். வசனம், பாட்டு, மழை, கொலுசு எல்லாம் அவர் காதைத் தாண்டித்தான் தியேட்டருக்குப் போகும். அந்தக் காதுதான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டது. அது இல்லாத அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேட்கிறது என்று அவள் சொன்னால் இங்கேயே உடைந்துபோவார். கேட்கவில்லை என்றால் நாளை அத்தனை பேர் முன்னால்.

"கேக்குதா?"



சலங்கை வந்தது.

இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் மூச்சை விட்டார். நாற்காலியில் சாய்ந்தார். சிரிக்கக்கூடச் செய்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

பாட்டை நிறுத்தாமலே போனை எடுத்தார். காதில் வைத்துப் பேசுகிற வழக்கம் அவருக்குப் போய் ஆறேழு மாதம் ஆகிறது. எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"எட்வின், தப்பா எடுத்துக்காதீங்க. ட்ரெபிளே வரல. சலங்கை சுத்தமா இல்ல. வீட்லயும் அதையேதான் சொல்றாங்க."

அந்தப் பக்கம் பேச்சு இல்லை.

எட்வின் பாட்டைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. போனைப் பிடுங்கி அணைத்துவிடலாமா என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"சார்..." எட்வின் தயங்கினார். "சலங்கை இங்க போன்லயே கேக்குதுங்களே."

அவர் போனை அணைத்து மேசைமேல் வைத்தார். சரியாக வைக்கிறோமா என்று இன்னொரு தரம் நகர்த்தி வைத்தார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் இல்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொத ஜோடியிலயே கேட்டுச்சுங்க."

அவர் தலையை முன்னால் நீட்டினார்.

"என்ன?"

அவள் எழுந்து அவர் பக்கத்தில் போனாள். குனிந்தாள்.

அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.