பத்துக்குப் பத்து

“கம்ப்யூட்டர்லயே சவுண்ட் வருதே, அதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல தனியா ஒரு பெட்டி எதுக்கு மாமா?” என்றான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பி.

“அதுல வர்றது சத்தம், மச்சான். இதுல வர்றதுதான் சங்கீதம். இந்தப் பெட்டி வந்ததுலேருந்து, பாட்டு ஓடும்போது நான் வாயே திறக்கறதில்லை, தெரியுமா?” என்றார் அக்காவின் கணவர்.

“அப்போ அக்கா கண்ணைக் கட்டிடுவோம். நீங்க சுவிட்சை மாத்தி மாத்திப் போடுங்க. பத்துல எட்டு தடவையாவது எதுலேருந்து பாட்டு வருதுன்னு அவ சரியாச் சொல்லலைன்னா, நாளைக்கே பெட்டியைக் கடையில திருப்பிக் குடுத்துடணும்.”

கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு அக்கா ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தாள்.

“பெட்டி,” என்றாள். சரி.

“கம்ப்யூட்டர்.” சரி.

“மறுபடியும் கம்ப்யூட்டர்.” அதுவும் சரி. கடைசியில் பத்துக்குப் பத்து!

தம்பியின் முகம் தொங்கிப்போனது. மாமா தலைகால் புரியாமல், எல்லோருக்கும் காபி போட அடுப்படிக்கு ஓடினார்.

“உனக்கு அவ்ளோ கூர்மையான காதாக்கா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது. பெட்டிக்கு மாத்தினா உங்க மாமா கால் தானா தாளம் போடுது. கம்ப்யூட்டருக்கு மாத்தினா பெருமூச்சு விடறாரு.”

“அடப்பாவமே! அப்புறம் எதுக்கு அவரை ஜெயிக்க வெச்சே? பெட்டி கடைக்குப் போயிருக்குமே!”

அக்கா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போயிருந்தா, பழையபடி ஒவ்வொரு பாட்டுக்கும் அவரும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பிச்சிடுவாருடா!”