தள்ளிப்போன பிரசவம்

அலுவலகத் திரையில் ஓடிய மென்பொருள் திட்டத்தின் காலக்கோட்டில், சோதனைக் கட்டத்தின் நீலப் பட்டையை மேலாளர் கிரிதரன் ஒரு மாதம் தள்ளி இழுத்துவிட்டார். அதற்குப் பின்னால் இருந்தவையெல்லாம் நகர்ந்தன. அவரிடம் வேலை பார்த்த, நிறைமாதமாக இருந்த செண்பகவல்லிக்கு அதில் குறித்திருந்த பிரசவமும் நகர்ந்தது.

"சார், என்னோடதும் போயிடுச்சுங்க. பழையபடி வைங்க."

"கிளையன்ட் ஒத்துக்கிட்டாச்சும்மா. இனி தொட முடியாது."

வாக்குவாதம் முடியுமுன்னே அவளுக்கு வலி கண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அடுத்த மாசந்தானுங்களே கட்டில்?" என்றாள்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சும்மா! அதையும் அடுத்த மாசம் உடையச் சொல்லட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் பிரசவ அறைக்குள் நுழைந்து, காலியாக இருந்த கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் மருத்துவர் ஓடி வந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை மார்பில் கிடத்திய கொஞ்ச நேரத்தில் கிரிதரன் அழைத்தார்.

"வாழ்த்துகள்மா! குறிச்சதுக்கு முன்னாடியே முடிச்சுட்டே. லீவு அடுத்த மாசந்தான் ஆரம்பிக்குது. அதுவரைக்கும் சோதனைக் கட்டத்துக்கு வந்துடலாமில்ல?"

செண்பகவல்லி, வீறிட்டு அழுதுகொண்டிருந்த மகளின் வாயருகே போனை வைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டாள்.