நடு வீட்டு டீச்சர்

“நீ யாரு பக்கம், இப்பவே சொல்லு டீச்சரு” என்று நேற்றுச் சாயங்காலமும் வடக்கு வீட்டு வேடியப்பன் கத்தினார். “அவனாண்ட உனக்கு இன்னா பேச்சு?” என்று தெற்கு வீட்டிலிருந்து அவர் தம்பி எகிறினார். நடு வீட்டு ஏஞ்சலின் டீச்சர் இரண்டு ஜன்னலுக்கும் போய், “உங்க பக்கந்தாங்க” என்றாள்.

சரித்திர டீச்சராயிற்றே. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே, படையோடு வந்தவனுக்கெல்லாம் தலையாட்டிப் பிழைத்த ஜெங் என்கிற பழைய சீனக் குட்டி நாட்டின் வித்தை அவளுக்கு அத்துப்படி. அண்ணன் தம்பி இருவரும் கண் வைத்த அவள் வீடு அப்படித்தான் தப்பியது.

மகன் டேவிட் சென்னைக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். “நான் வந்துட்டா இவுங்களுக்கு யாருடா பதில் சொல்றது?” என்றாள்.

தெருவுக்கே கேட்கிற சண்டைதான். ஆனால் வேடியப்பன் போன வருஷமே வீட்டைப் பூட்டிக்கொண்டு திருக்கோவிலூருக்குக் குடிபோய்விட்டார். அதற்கும் முன்பே தம்பி வெள்ளிமலையில் பெண் எடுத்து, பிள்ளைகுட்டியோடு மலையிலேயே தங்கிவிட்டார். தெருவுக்குக் கேட்கிற மூன்று குரலும் நடு வீட்டிலிருந்துதான் வருகின்றன.