புழுவுக்கு விட்ட நாலு வரிசை

பதூலின் ஆடு என் பருத்தி வயல் வரப்பில் செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, வாயில் நுரை.

பதூல் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷனை இழந்தவள். அந்த ஒற்றை ஆட்டின் பாலை நம்பித்தான் வாய்க்கால் பாலத்தருகே தேநீர் விற்றுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரப்பில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஜஸீரா வட்டாரத்தில் எங்கள் ஊருக்கு மரபணு மாற்றிய பருத்தியைக் கொண்டுவந்தவனே நான்தான். காய்ப்புழு தின்றால் செத்துவிடும், மருந்தடித்து இருமிச் சாக வேண்டாம் என்று வாய் கிழியப் பேசியவன்.

"புழு செத்தா ஆடு சாகாதான்னு அன்னைக்கே கேட்டேன்ல பகீத்து? பெரிய விஞ்ஞானியாட்டம் சிரிச்சியே!" என்றான் பக்கத்து வயல் தஃபல்லா. இப்போதே எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லி ஊரே கத்தியது.

ஆனால் அந்த ஆடு புதுப் பருத்தியில் ஓர் இலைகூடத் தின்னவில்லை. விடியற்காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்ததை நானேதான் மறித்து, ஓரத்தில் நாலு வரிசை மட்டும் விட்டிருந்த பழைய ரகத்தின் பக்கம் விரட்டிவிட்டேன். ஊருக்கு உபதேசம் செய்தவனுக்கு உள்ளுக்குள் பயம். வெட்கக்கேடு.

அந்த நாலு வரிசை புழுவுக்கென்று விட்டது. அதில் மருந்தே படக் கூடாது, அங்கே கொஞ்சம் புழு பிழைத்துக் கிடந்தால்தான் மற்றதுகள் புதுப் பருத்தியைத் தின்றும் பிழைக்கப் பழகாது என்று விதை கொடுத்தவர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆடு மேய அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

அப்புறம் எப்படிச் செத்தது?

என் மனைவி இக்லாஸ் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"புழு மொய்க்கிறதப் பாத்துட்டு மனசு கேக்கலைங்க," என்று காதோரம் சொன்னாள். "நேத்து சாயங்காலம் நான்தான் அந்த நாலு வரிசைக்கும் மருந்தடிச்சேன்."



பதூல் எழுந்து என் எதிரே வந்து நின்றாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அண்ணே. எங்க மேஞ்சுச்சு?"

இக்லாஸின் பிடி இறுகியது.

புதுப் பருத்தியைக் கை காட்டினேன்.

தஃபல்லா முதல் செடியைப் பிடுங்கினான். இரண்டாவதை நானே பிடுங்கினேன்.