ஆயிரத்துப் பதிமூன்று

பழைய நோட்டும் கையுமாகக் கணவர் அடுப்படிக்கு வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி, மேலதிகாரி நம்மகிட்ட ஒரு பத்து இலக்க எண்ணைக் கொடுத்தாரே, ஞாபகமிருக்கா? எதனாலயும் வகுபடலை, பகா எண்தான்னு எழுதிக் கொடுத்தோமே! இப்ப நம்ம பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, ஆயிரத்துப் பதிமூணால மீதியில்லாம வகுபடுது!"

"அப்படியா?"

"வகுத்துப் பார்க்கற எண்களை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோமே, ஆயிரத்துப் பதிமூணு உன் பங்குல வந்த எண். ரெண்டாவது நாளே முடிஞ்சிருக்கும். நாலு மாசம் எதிரெதிரே உக்கார்ந்து மாங்கு மாங்குன்னு வகுத்தோம்! கணக்குல புலி நீ, எப்படித் தப்பு விட்டே?"

மனைவி நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் தடவினாள்.

"தப்பெல்லாம் விடலை. அன்னிக்கே மீதி பூஜ்யம்னு வந்துடுச்சு."

"பின்னே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, மூணாவது நாள் நீங்க உங்க செக்‌ஷனுக்குத் திரும்பிப் போயிருப்பீங்களே!"