துடைப்பம் பிடித்த கை

"எந்த வீட்லடா நடக்குது இந்த அநியாயம்?" என்று கத்தினார் தாரிணி பாபு.

கல்கத்தாவில், காளி கோயில் வாசலில் என் படக்கடை. அவர் கையிலிருந்த படத்தில் மனைவி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு நிற்க, 'பாபு' என்று ஊர் அழைக்கும் சுருள்முடிப் பணக்காரர் ஒருவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"ஊர்ல ஆயிரம் பாபு இருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஏன் குத்துது?"

கூட்டம் சிரித்தது. அவர் படத்தைக் கிழித்து என் முகத்தில் வீசினார்.

"இனிமே இதை வரைஞ்சே, கையை ஒடிச்சிடுவேன்!"

"கை இருக்கிற வரைக்கும் வரைவேன், பாபு."

அவர் கண்ணெதிரிலேயே புதுத் தாளை விரித்தேன். நாலு இழுப்பில் பாபு மறுபடியும் காலில் விழுந்தார். துடைப்பம் மறுபடியும் ஓங்கியது.

"பொய்! எந்தப் பொம்பளைக்குடா அவ்வளவு தைரியம்?"

கடையோரம் முக்காடு போட்டுக்கொண்டு படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"படம் பிரமாதம், அண்ணா. துடைப்பத்தை மட்டும் இடது கைக்கு மாத்திடுங்க."

"ஏம்மா?"

"எனக்கு அந்தக் கைதான் வாகு" என்றவள், பாபுவின் பக்கம் திரும்பினாள்.

"பல்லக்கு காத்துக்கிட்டிருக்கு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."